கருவி அளித்தால் மட்டும் போதுமா?

(பள்ளிக் கல்வி அலுவலர்களுக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் பயிற்றுவிக்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. துணைக் கருவிகளைச் செய்வதற்கென 1972-இல் கான்பூரில் செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகம் நிறுவப்பெற்றது. 1974-இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. கருவிகள் வாங்குவதற்கான உதவித் திட்டம் 1981-இல் வந்தது. முன்பு உதவியாக இருந்ததை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உரிமையாக உயர்த்தியது.

அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு, 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய மாணவர்களுக்கு 18 வயது வரை நூல்களையும் உரிய துணைக் கருவிகளையும் கட்டணமின்றி வழங்குமாறு பணிக்கிறது. பள்ளிப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும் அதே பிரிவு அரசின் கடமையாக்குகிறது. முதற் கடமை எண்ணிக்கையால் அளக்கத்தக்கது. ஆதலால் அறிக்கைகளில் எளிதில் இடம்பெறுகிறது. இரண்டாவது கடமை அவ்வாறு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும் பயிற்சி இல்லாத பள்ளியில் கருவி, அலமாரியில் முடங்கிய மூலதனமே ஆகும்.

கருவிகளின் இயல்பை நோக்கினால் இது விளங்கும். மின்கலம் தீர்ந்த செவித்துணைக் கருவி, குழந்தையின் காதுக்கு வெறும் அடைப்பே. குழந்தை வளர வளரக் காதும் வளர்வதால், காதின் அளவுக்கு வார்த்த அச்சு தளர்ந்து, கருவி கீச்சிடத் தொடங்கும். தொல்லை தாளாமல் குழந்தை அதைக் கழற்றி வைத்துவிடும். காலையில் ஒரு நிமிடம் கருவியைச் சோதிக்கவும், அச்சை மாற்ற வேண்டிய வேளையை உணரவும் வகுப்பாசிரியர் அறிந்திருந்தால் ஓராண்டுப் படிப்பு வீணாகாது. கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் மாணவரை நோக்கிப் பேசுவதும் பயிற்சியால் படியும் பழக்கமே.

கணினித் திரையிலுள்ளதைப் பார்வையற்ற மாணவருக்குப் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. ஆனால் பள்ளி அலுவலகத்தில் வினாத்தாளை யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அம்மென்பொருள் பொருளற்ற ஒலிகளையே எழுப்பும். யூனிகோடில் தட்டச்சு செய்தால் இவ்விடர் நீங்கும். கூடுதல் செலவும் இல்லை. எனவே இப்பயிற்சி சிறப்பாசிரியருக்கு மட்டும் உரியதன்று. அலுவலக எழுத்தருக்கும் வேண்டும். சக்கர நாற்காலியின் கால்தாங்கியைக் குழந்தையின் வளர்ச்சிக்கேற்ப மாற்றியமைக்கப் பள்ளி உதவியாளர் அறிந்திருத்தல் வேண்டும். சிறப்பாசிரியர் ஒருவரே பல பள்ளிகளுக்குச் சென்றுவரும் இடங்களில், அவர் வாராத நாட்களில் குழந்தையுடன் இருப்பவர்கள் இவர்களே அல்லரோ?

2018-இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டம், இத்தகைய குழந்தை ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ரூ.3,500 வரை செலவிட விதிமுறை வகுத்தது. இச்சிறு தொகை முழுப் பயன் தர மூன்று நடைமுறைகள் உதவும். கருவி வழங்கும் நாளிலேயே அப்பள்ளியின் பணியாளர் இருவருக்கேனும் அதனைக் கையாளக் கற்பித்தல் முதலாவது. இருவர் எனின், ஒருவர் மாறுதலில் சென்றாலும் அறிவு பள்ளியிலேயே தங்கும். மின்கலம் போன்ற சிறு பொருள்களைப் பள்ளியளவிலேயே உடனுக்குடன் வாங்க வழி செய்தல் இரண்டாவது. மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆய்வு செய்யும் அலுவலர், எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்பதோடு நில்லாது, எத்தனை கருவிகள் அன்று வகுப்பில் பயன்பட்டன என்பதையும் பதிவு செய்தல் மூன்றாவது.

வழங்கும் நாள் ஒன்றே. பயன்படுத்தும் நாட்களோ பல. அப்பல நாட்களுக்கும் பொறுப்பேற்பவர்கள் பள்ளிப் பணியாளர்களே. அவர்களை ஆயத்தப்படுத்தினால்தான் சட்டம் வழங்கிய உரிமை, மாணவர் பெறும் கல்வியாக மலரும்.