அவர் கேட்கலை, நான் சொல்லலை!

நடுவர் அவர்களே! டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று எதிரணி அம்மா சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். நான் தன்பாலீர்ப்பு உள்ளவன். மறைச்சிருக்கேன்.

பத்து நாளாக் காய்ச்சல். புது டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "கல்யாணம் ஆச்சா?" "இல்லீங்க." மாத்திரை எழுதிட்டார். நான் பொய் சொல்லலீங்க; அவர் சரியாக் கேட்கலை!

வாசல்வரை போய்த் திரும்பினேன். "சார், எனக்குத் துணை உண்டு. அவரும் ஆண்." கை நடுங்கிச்சு. குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. என் கைக்கு அது தெரியலையே!

டாக்டர் மறுபடி பேனாவை எடுத்தார். எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எல்லாம் எழுதினார்.

"அம்மாவும் உங்ககிட்டதான் சர்க்கரைக்குக் காட்டுறாங்க..." என்று இழுத்தேன்.

"அவங்க சீட்டு வேற, உங்க சீட்டு வேற தம்பி"ன்னார்.