பிணைக் கையெழுத்து
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



என் சின்னம்மா தையல் இயந்திரம் ஒன்றைத் தவணைக்கு வாங்கச் சென்றார். ஒருவருக்கும் ஒரு சதம் கடன் வைக்காதவர் அவர். ஆயினும் விண்ணப்பம் திரும்பிவிட்டது. காரணம், பக்கத்து லயத்துச் சிநேகிதிக்காக அவர் முன்னொருநாள் இட்ட பிணைக் கையெழுத்து. சிநேகிதி தவணை தவறினார். அது சின்னம்மாவின் பெயரிலும் பதிவாகி இருந்தது. அன்றுதான், கடன் கொடுப்போர் நம்மிடம் எதைப் பார்க்கிறார்கள் என்று அறிய முற்பட்டேன்.

அவர்கள் பார்ப்பவை முக்கியமாக மூன்று.

முதலாவது, கைக்கு வரும் சம்பளம். சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் கழியும், முற்பணமும் கழியும். ஒருவர் கைக்கு 25,000 ரூபா வருகிறதென்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் செலவுக்கு 18,000, பழைய தவணைக்கு 5,000 போனால் மிச்சம் 2,000. அவருக்கு 4,000 ரூபாத் தவணை எப்படித் தாங்கும்?

இரண்டாவது, ஈடு. லய அறைக்கு உறுதி இல்லாதவர்களே நம்மில் மிகப்பலர். ஈடு வைக்க வீடில்லை. ஆகவே பிணையாளிகளைக் கேட்கிறார்கள்.

மூன்றாவது, பழைய கணக்கு. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் இதனைத் திரட்டி வைத்திருக்கிறது. வாங்கிய கடன் மட்டுமன்றி, பிணை நின்ற கடனும் அங்கே தெரியும். கடன் கொடு, கொடாதே என்று பணியகம் சொல்வதில்லை. தீர்மானிப்பவர் கடன் கொடுப்பவரே.

அன்பர்களே, கடன் நம்மைத் தொடர்ந்து வருவது புதிதன்று. நம் பாட்டன்மார் காலத்தில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இக்கங்காணியையும் ஆட்களையும் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுப்பது அது. புதிய தோட்டம் அப்பணத்தைக் கட்டும். கடனோ ஆட்களின் தலையில் அப்படியே நிற்கும். 1921இல் சட்டம் அதனைத் தடைசெய்தது. துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அன்று நம்மவர்க்கு வழியில்லை. இன்றோ நமது கடன் அறிக்கையைச் சிறு கட்டணம் செலுத்தி நாமே பெறலாம். பிழையிருந்தால் திருத்தும்படி கேட்கலாம். இந்த வேறுபாடு பெரிது. ஆனால் வாசிப்பவனுக்கே அது பயன்படும்.

கடன் கிடைக்கிறது என்பதனால் அது நமக்குத் தாங்கும் என்பதில்லை. கொடுப்பவர் தம் பணம் திரும்புமா என்று கணக்கிடுகிறார். அடுப்பு எரியுமா என்று கணக்கிட வேண்டியவர்கள் நாமே. மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும்? வேலை குறைந்த மாதத்தில் எப்படிக் கட்டுவது? அவர் கட்டாவிட்டால் என்னால் கட்டமுடியுமா? இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் பேனாவை எடுக்கலாகாது.

படித்த வாலிபர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. நமது லயத்தில் யாராவது கடன் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறார் என்றால், அருகில் அமர்ந்து அதை வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள். சின்னம்மா கையெழுத்திட்ட அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். வாசித்துக் காட்டவில்லை.