கதிரவன் மேல் எழும் தாரைகள்



திருவனந்தபுரத்தைப் பத்மநாபசுவாமி கோயிலாலும், தமிழ் ஒலிக்கும் சாலைக் கடைத்தெருவாலும் நம்மில் பலர் அறிவோம். அந்நகருக்குக் கதிரவனோடு நெடுங்காலத் தொடர்பு உண்டென்பதைச் சிலரே அறிவர். 1837ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் மகாராஜா அங்கே ஒரு வானாய்வு நிலையத்தை நிறுவினார். 1852 முதல் 1865 வரை அதன் தலைவராக விளங்கிய ஜான் ஆலன் பிரௌன் என்பார், காந்த ஊசிகளின் அசைவைப் பல்லாண்டுகள் குறித்து வந்தார். பெரிய காந்தக் கலக்கங்கள் ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வருவதை அக்குறிப்புகளில் கண்டார். கதிரவன் தன்னைத்தானே சுற்றிவரும் காலமும் ஏறக்குறைய அதுவே. ஆதலின், கதிரவனின் சில பகுதிகளிலேயே இக்கலக்கங்களின் காரணம் உள்ளது என்று அவர் கருதினார். அங்கிருந்து நம்மை வந்து தொடுவது யாது? அதையே இன்று நாம் ஆராயப் புகுகிறோம்.

கதிரவன் திடப்பொருளும் அன்று, திரவமும் அன்று. கடும் வெப்பத்தால் அணுக்களினின்று எலெக்ட்ரான்கள் பிரிந்து, மின்னூட்டம் பெற்றுத் திரியும் வாயுவே அது. இந்நிலையைப் 'பிளாஸ்மா' என்பர். மின்னூட்டம் உடையதாகையால், இது காந்தப் புலத்தின் பிடியில் அகப்பட்டே ஓட வேண்டியிருக்கிறது.

அடுப்பைவிட்டு விலக விலகச் சூடு குறைவதே நாம் கண்ட வழக்கம். கதிரவனிலோ இது தலைகீழாக உள்ளது. நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளிப்பரப்பின் வெப்பம் சுமார் 5,500 டிகிரி சென்டிகிரேடு. முழுக் கிரகணத்தின்போது வெண்முடிபோல் தோன்றும் 'கொரோனா' என்னும் மேல் மண்டலத்திலோ, வெப்பம் 10 லட்சம் டிகிரியைத் தாண்டிவிடுகிறது. கீழிருந்து மேலே சக்தியைச் சுமந்து செல்வது எது?

இவ்விரண்டுக்கும் நடுவே, காற்றில் ஆடும் நெற்பயிர்போல் லட்சக்கணக்கான பிளாஸ்மாத் தாரைகள் எழுந்து விழுந்தவண்ணம் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்ஜெலோ செக்கி இவற்றைக் கண்டு விவரித்தார். விநாடிக்கு 20 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பி, 10,000 கிலோமீட்டர் உயரம்வரை சென்று, சில நிமிடங்களில் மறைவன இவை.

இத்தாரைகளில் அலைகள் ஓடுகின்றன. வீணைத் தந்தியை மீட்டினால் அதிர்வு தந்தி நெடுகப் பரவுவது போல, காந்த விசைக்கோடுகளின் வழியேயும் அதிர்வு பரவும் என்று 1942இல் சுவீடன் விஞ்ஞானி ஆல்வேன் கூறினார். தாரைகள் அவ்வாறு பக்கவாட்டில் அசைவதை, ஜப்பானின் 'ஹினோடே' விண்கலத்தின் படங்கள் 2007இல் காட்டின.

ஆனால், அலை ஓடினால் மட்டும் வெப்பம் பிறந்துவிடாது; அலை உடைய வேண்டும். விரைந்து பாயும் வாய்க்கால் நீர் அசையாத குளத்தில் விழுமிடத்தில் சுழிகள் தோன்றுவதை நாம் பார்த்திருக்கிறோம். வேகம் மாறுபடும் இரு ஓட்டங்களின் எல்லையில் சிறு நெளிவும் பெருகிச் சுழியாவதே இதற்குக் காரணம். இந்த நிலையின்மையை ஹெல்ம்ஹோல்ட்சும் கெல்வினும் 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினர். கதிரவனில், ஓட்டத்தின் திசையிலேயே அமைந்த காந்தப் புலம் இழுத்துக் கட்டிய கயிறுபோல் நெளிவைத் தடுக்கிறது. வேகம் எல்லை மீறினால் கட்டு தளர்ந்து, பெருஞ்சுழி சிறுசுழியாகவும், சிறுசுழி அதனினும் சிறியதாகவும் சிதைந்து, ஓட்டத்தின் சக்தி முடிவில் வெப்பமாகிறது. கொரோனாவின் வெப்பத்தில் இதன் பங்கு எவ்வளவு என்பதே இன்றும் ஆய்வாளர்களிடையே நடக்கும் வழக்கு.

தாரைகள் பிறக்கும் விதத்தை ஆராயப் பெங்களூரில் ஓர் எளிய சோதனை துணைநின்றது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சார்ந்த குழுவினர் ஒலிபெருக்கியின்மீது சாயக் குழம்பை வைத்து அதிரச் செய்தனர். அதிர்வு மிகுந்ததும் குழம்பு தாரைகளாக எழும்பியது. குழம்பிலுள்ள நீண்ட மூலக்கூறுகள் தாரையைத் துளிகளாகச் சிதறவிடாமல் பிடித்து வைத்தன. கதிரவனில் அவ்வேலையைக் காந்தப் புலம் செய்கிறது. இவ்வாய்வு 2022இல் வெளிவந்தது. பேச்சைக் கேட்கப் பயன்படும் கருவி கதிரவனை ஆராயவும் பயன்பட்டது வியப்பன்றோ!

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கொரோனாவிலிருந்து வீசும் பிளாஸ்மாக் காற்று, சில வேளைகளில் புயலாகிறது. 1989 மார்ச் 13 அன்று அத்தகைய புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் மக்கள் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர்.

இக்காற்றை வழியிலேயே அளக்கும் 'பாபா' என்னும் கருவியை, திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடம் உருவாக்கியது. 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலம், அதனைச் சுமந்துகொண்டு 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையை அடைந்தது. விநாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று, அவ்விடத்தைக் கடந்து நம்மை எட்டச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். புயல்காற்று இன்னும் விரைந்து வரும். கிடைக்கும் அவகாசம் அவ்வளவே. ஆயினும், மின்நிலையங்களையும் செயற்கைக்கோள்களையும் காப்போர்க்கு அதுவும் பெரிதே.

காந்த ஊசி ஆடியதைக் கண்டு பிரௌன் எழுப்பிய ஐயத்துக்கு, அதே நகரில் ஆக்கிய கருவி இன்று விடை தேடுகிறது. நாம் எந்த ஊரில் வாழினும், நம் தலைமேல் காயும் கதிரவன் ஒருவனே. அவன் மேல் எழும் தாரைகளை அறிவது நம் அனைவர்க்கும் உரிய கல்வியே ஆகும்.