கொழுப்பு அனுப்பும் தூது

உடற்கொழுப்பை நாம் வீண் சுமையென்றே எண்ணுகின்றோம். அது மூளைக்கு ஓயாது செய்தி அனுப்பும் இழையம் என்பதைச் சில சுண்டெலிகள் உலகுக்கு உணர்த்தின.

1949ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள ஜக்சன் ஆய்வுகூடத்திலே, அளவிறந்து உண்டு பருத்த சுண்டெலிகள் பிறந்தன. அவை மலடாகவும் இருந்தன. காரணம் 1994இலேயே தெளிவாயிற்று. ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர், கொழுப்பிழையம் சுரக்கும் ஓமோன் ஒன்றுக்குரிய பரம்பரையலகைக் கண்டறிந்தனர். மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக அவ்வோமோன் லெப்டின் எனப் பெயர் பெற்றது. அந்த எலிகளின் உடலில் அது உருவாகவில்லை.

கொம்பறையில் நெல் உண்டென்று வீட்டுத் தலைவிக்கு உரைக்கும் தூதுவன் போன்றது லெப்டின். தூது வராவிடின் மூளை பஞ்சமென்று கருதிப் பசியைத் தூண்டும். பிள்ளைப்பேற்றுக்கான ஓமோன்களையும் அடக்கிவிடும். 1996இல் மலட்டுப் பெண் எலிகளுக்கு லெப்டின் செலுத்தியபோது அவை கருவுற்று ஈன்றன. பட்டினியாலோ கடும் பயிற்சியாலோ மிக மெலிந்த பெண்களின் மாதவிலக்கு நின்றுபோவதற்கும் லெப்டின் குறைவு ஒரு காரணமாகும்.

ஆயின், பருத்த மனிதர் பெரும்பாலோரிடம் லெப்டின் மிகுதியாகவே உண்டு. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. ஆதலால் லெப்டின் ஊசி அவர்களை மெலிவிக்கும் மருந்தாகவில்லை.

பருத்தவரைப் பெருந்தீனிக்காரர் என்கின்றோம். பிள்ளையில்லாதவளை மலடியென்று தூற்றுகின்றோம். உடலினுள்ளே நிகழும் இத்தூதினை அறிந்த பின்னராவது, நாவை அடக்கக் கற்போமாக.