பழைய அரிசியை அவிச்சு எடுக்க முடியுமா?

போன வாரம் ஒரு நண்பர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். பிரான்ஸ்ல 'க்ளெ து வேன்'னு ஒரு சின்ன உலோகத் தகடு விக்கிறாங்க. அதை ஒயின்ல ஒரு நொடி முக்கி எடுத்தா ஒரு வருஷம் பழசான மாதிரி ஆயிடும்னு சொல்றாங்க. "நம்ம ஊர்ல இப்படி ஏதாவது உண்டா?"ன்னு கேட்டார். உண்டு. ஒயின்ல இல்லை, அரிசியில.

படாளம்னா வெளியூர்க்காரங்களுக்கு ஜி.எஸ்.டி. ரோடும் சர்க்கரை ஆலையும்தான் ஞாபகம் வரும். ரோட்டை விட்டு உள்ளே போனா நெல்லு. அறுத்த உடனே குத்துன அரிசியைச் சோறாக்கினா குழையும். பொங்கலுக்கு அதுதான் வேணும், வேற நாள்ல யாருக்கும் வேணாம். ஆறு மாசம், ஒரு வருஷம் கிடந்த அரிசி நிறைய தண்ணி இழுத்துக்கும், பருக்கை பருக்கையா உதிரும். அந்தக் காலத்துல குதிர்ல போட்டு வெச்சது சும்மா இல்லை. அரிசியில இருக்கிற கொஞ்சூண்டு எண்ணெய் மெதுவா சிதைஞ்சு கொழுப்பு அமிலமாகி மாவுச்சத்தோட சேருது. புரதமும் இறுகுது. அதனாலதான் வேகும்போது கரைஞ்சு போகாம நிக்குது.

இதுக்குக் குறுக்குவழி நேத்து வந்தது இல்லைங்க. மைசூர்ல 1950-ல ஆரம்பிச்ச மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துல, அந்தப் பத்து வருஷத்துக்குள்ளயே தேசிகாச்சாரும், முதல் இயக்குநரா இருந்த வி. சுப்ரமணியனும் புது நெல்லைப் பக்குவப்படுத்துற வழியை ஆராய்ஞ்சிருக்காங்க. நெல்லைக் கொஞ்ச நேரம் ஆவியில காட்டி, சூட்டோட வெச்சிருந்து காயப்போடணும். மேல் பக்கத்து மாவு வெந்து இறுகிடும், கஞ்சியில கரையாது. இப்போ கடையில 'ஸ்டீம் அரிசி'ன்னு விக்கிறது இந்த வழியில வர்றதுதான். புழுங்கல் அரிசி வேற. அதுல நெல்லை நல்லா ஊறவெச்சு அவிப்பாங்க, தவிட்டுல இருக்கிற பி வைட்டமின் உள்ளே இறங்கும். இங்கே அவ்வளவு இறங்காது.

ஒயின் தகடு மாதிரி இதைக் கண்கட்டுன்னு சொல்ல மாட்டேன். சோறு நிஜமாவே உதிருது. என் சண்டை பேரைப் பத்தி. எங்கம்மா கஞ்சியை வடிச்சுப் பார்த்துத்தான் அரிசி வாங்குவாங்க. கொழகொழன்னு இருந்தா புதுசு, தெளிவா இருந்தா பழசு. ஒரு தடவை கடைக்காரர் "ஒரு வருஷத்துப் பழசும்மா"ன்னு கொடுத்த மூட்டையில கஞ்சி தெளிவாத்தான் இருந்தது. லேசா மஞ்சள் நிறம் வேற. நாலு மாசம் முன்னாடி அறுத்த நெல்லுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அம்பது வருஷச் சோதனை தோத்துப் போச்சு.

விவசாயியைப் பாருங்க. தை, மாசியில அறுத்த உடனே கடன், கூலின்னு வாசல்ல ஆள் நிப்பாங்க. கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதம் கேப்பாங்க, களத்துல காய வெச்சு அன்னைக்கே தள்ளிடணும். ஆறு மாசம் வெச்சிருந்து பழைய அரிசி விலைக்கு விக்க அவரால முடியாது. காத்திருக்க முடிஞ்சவங்களுக்குத்தான் அந்த விலை. இப்போ காத்திருக்காமலே 'பழசு'ன்னு விலை வாங்கலாம், அதுலயும் அவருக்குப் பங்கு கிடையாது.

மூட்டையில 'ஸ்டீம்'னு போட்டு வித்தா எனக்குத் தகராறே இல்லை, நானே வாங்குவேன். இப்பல்லாம் கடையில ரெண்டு கேள்வி கேக்குறேன்: நெல்லு எந்த மாசம் அறுத்தது, அவிச்சதா அவிக்காததா? நீங்களும் கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்ததுன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடுறேன்.