கணக்காய்வாளரின் கருத்தும் நமது சேமிப்பும்
(தோட்டக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், “கணக்காய்வாளர் கையொப்பமிட்டுவிட்டார், இனிக் கவலையில்லை” என்று நம்மில் பலர் மனநிறைவு கொள்கிறோம். அக்கையொப்பத்திற்கு முன்னர் நடைபெறும் பணியை இன்று சிறிது ஆராய்வோம்.

கணக்காய்வாளர் எல்லாப் பற்றுச் சீட்டுகளையும் பார்ப்பதில்லை, பார்க்கவும் இயலாது. பிழையோ மோசடியோ எங்கே நேரக்கூடும் என முன்கூட்டியே கருதி, அவ்விடங்களை மிகுதியாகச் சோதிக்கத் திட்டமிடுகிறார். இதனை இடர் மதிப்பீடு என்பர். 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற பன்னாட்டுக் கணக்காய்வுத் தரம் 315 இதற்கு வழிகாட்டுகிறது. கணக்கின் சிக்கல், மாற்றம், உறுதியின்மை, மோசடிக்கு இடந்தரும் தன்மை முதலியவற்றை ஆராயுமாறு அது பணிக்கிறது. ஆயினும், கூட்டிக் கழித்தால் விடை தரும் வாய்பாடு எதுவும் அதில் இல்லை. முடிவு செய்வது கணக்காய்வாளரின் பகுத்தறிவே.

செம்பனைக் குலை அறுப்பவரை நாம் அறிவோம். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைக் கண்டே குலை பழுத்ததை அவர் உணர்கிறார். புல் மண்டிய இடத்தில் உதிர்ந்த பழம் கண்ணில் படாது. அங்கே குனிந்து பார்ப்பவரே பழுத்த குலையைத் தவறவிடமாட்டார். கணக்காய்வும் அத்தகையதே.

ஒரு தோட்டக் கூட்டுறவுக் கடையை எண்ணிப் பார்ப்போம். பொருளாளர் ஒருவரே பணம் வாங்குகிறார், பேரேட்டில் பதிகிறார், வங்கியிலும் செலுத்துகிறார். “பல்லாண்டுகளாக நேர்மையாளர், சென்ற ஆண்டும் பிழையில்லை” என்று கருதும் கணக்காய்வாளர் சில சீட்டுகளோடு நின்றுவிடுவார். “மூன்று பணியும் ஒருவர் கையில் இருக்கையில், தவறு நேர்ந்தால் காண்பவர் யார்?” என்று வினவும் மற்றொருவர், கடன் பாக்கியுள்ள உறுப்பினர்களுக்கே நேரில் கடிதம் எழுதி நிலுவையைக் கேட்பார். பேரேடு ஒன்றே, திட்டங்கள் இரண்டு. இரண்டாமவர் பொருளாளரைக் குற்றவாளி எனக் கூறவில்லை. முன்னாளைய நேர்மையை நம்பி இந்நாளைய ஐயத்தைக் கைவிடலாகாது என்பதே அவர்தம் தொழில் நெறியாகும். நிர்வாகத்தினர் விதிகளை மீறக்கூடும் என்னும் இடர் எல்லா நிறுவனங்களிலும் உண்டு என்றே அந்நெறி கொள்கிறது.

இது சிறு கடைக்கு மட்டுமே உரிய செய்தியன்று. 1986-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் சேமிப்பு முடங்கிற்று. இயக்குநர்களுக்கும் அவர்தம் தொடர்புடையோருக்கும் கடன் வழங்கியதும், நிலத்திலும் பங்குகளிலும் விவேகமின்றி முதலிட்டதும் பின்னர் வெளிப்பட்டன. நிலத்தின் உண்மை மதிப்பு யாது, கொடுத்த கடன் திரும்புமா என்பனவற்றைப் பற்றுச் சீட்டு சொல்லாது. கருத்துக்கு இடமுள்ள இத்தகைய கணக்குகளிலேயே கணக்காய்வாளரின் விழிப்பு மிகுதியாக வேண்டப்படுகிறது. இன்று 1993-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டமும், 2008 முதல் இயங்கிவரும் மலேசியக் கூட்டுறவுச் சங்க ஆணையமும் நமக்குக் காவலாக உள்ளன.

எனினும், நம் கடமையும் சிறிதன்று. கணக்காய்வாளர் தோட்டத்தில் வாழ்பவரல்லர். நாம் கூறுவதையும் கொண்டே அவர் கருத்து உருவாகிறது. ஆகவே, நிலுவையைக் கேட்டுக் கடிதம் வந்தால் ஒத்துப் பார்த்து மறுமொழி அனுப்புவோம். ரசீதின்றிப் பணம் கொடாதிருப்போம். ஐயத்திற்குரியது எதனையும் கண்டால், முகத்தாட்சணியம் பாராது உட்கணக்காய்வுக் குழுவிடம் தெரிவிப்போம். “இவ்வாண்டு எவற்றை மிகுதியாகச் சோதித்தீர்கள்? ஏன்?” என்று பொதுக்கூட்டத்தில் பணிவுடன் வினவுவோம்.

வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த வெள்ளி அது. அதைக் காக்கக் கேள்வி கேட்பது யார்மீதும் பழி சுமத்துவதாகாது.