இல்லறமும் ஓர் இபாதத்தே

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் பேஷ் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளைப் பள்ளிவாசலில் நாம் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே அல்லாஹ் வைத்துள்ள வேட்கைக்கு மார்க்கத்தில் என்ன பொருள் என்பதே அது. வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதில் ஐயமில்லை. ஆயினும், மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள வெட்கம் தடையாக இருக்க அன்ஸாரிப் பெண்கள் இடங்கொடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியுள்ளார்கள். அந்தத் துணிவில் பேசுகிறேன்.

பண்டைச் சமுதாயங்கள் இவ்விஷயத்தில் இருவகையில் தடுமாறின. சிலர் வேட்கையை அசுத்தம் எனக் கருதித் துறவை நாடினர். சிலர் அதைக் கட்டவிழ்த்துவிட்டனர். அறியாமைக் காலத்து அரபு நாட்டில் நான்கு வகையான மண உறவுகள் இருந்தன என்றும், பெண்ணின் பொறுப்பாளரிடம் கேட்டு, மஹர் கொடுத்து மணக்கும் ஒன்றை மட்டுமே நபி (ஸல்) அவர்கள் நிலைநிறுத்தினார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் உள்ளது.

நம் தமிழகத்திலும் இதற்கு ஒப்பான ஒரு செய்தி உண்டு. காதலர் மறைவில் கூடும் களவையும், ஊரறிய மணந்து வாழும் கற்பையும் தொல்காப்பியம் பேசுகிறது. பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகே மூத்தோர் மணச் சடங்கை வகுத்தனர் என்பது அந்நூலின் விளக்கம். சாட்சியில்லாத காதல் பெண்ணையே கைவிடும் என்பதை அக்காலத்தவரும் அறிந்திருந்தனர். திருக்குறளும் தன் 133 அதிகாரங்களில் 25 அதிகாரங்களைக் காமத்துப்பாலுக்கு ஒதுக்கியது. அறத்தைப் பேசிய நூல் காதலை அறத்திற்குப் பகையாகக் கருதவில்லை.

ஆனால் புனிதத்தின் பெயராலேயே பெண் சுரண்டப்பட்ட வரலாறும் இங்கு உண்டு. சிறுமிகளைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நெடுங்காலம் போராடினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் அதற்குத் தடைச் சட்டம் வந்தது. பிறர் குறையைச் சுட்டுவதற்காக இதைக் கூறவில்லை. முஸ்லிம் மன்னர்களின் அந்தப்புரங்களில் வாடிய பெண்களும் இதே கேள்வியைத்தான் நம்மிடம் கேட்பார்கள்.

அன்பர்களே! இஸ்லாம் காட்டிய வழி யாது? திருமணத்தைத் துறக்க அனுமதி நாடிய உஸ்மான் பின் மள்ஊன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அனுமதியளிக்கவில்லை. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்து மனைவியை மறந்திருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களை ஸல்மான் (ரலி) அவர்கள் திருத்தினார்கள். ஸல்மான் கூறியதே சரி என்று நபியவர்களும் ஏற்றார்கள். மனைவியுடன் கூடுவதும் தர்மமே என்று நபியவர்கள் கூறியபோது தோழர்கள் வியந்தனர். ஹராமான வழியில் சென்றால் பாவம் உண்டல்லவா, அவ்வாறே ஹலாலான வழிக்கு நன்மையும் உண்டு என்று விளக்கினார்கள்.

கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று அல்லாஹ் உவமித்த வசனம் எங்கே இடம்பெற்றுள்ளது? பகரா சூராவில், ரமலான் நோன்பைப் பற்றிய வசனங்களின் நடுவே! நோன்பின் இரவும் இல்லறத்தின் அன்பும் ஒரே இடத்தில் பேசப்படுகின்றன. பனிமூட்டத்தில் காப்பித் தோட்டத்திற்குப் புறப்படும் வெள்ளக்கடை மக்களுக்கு ஆடையின் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. அது குளிரைத் தடுக்கும், குறையை மறைக்கும், உடலைக் குத்திக் காயப்படுத்தாது.

இனி என் மனத்தை வருத்தும் ஒன்றைக் கூறுகிறேன். முன்பு நான் பணியாற்றிய ஓர் ஊரில், மணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண் என் துணைவியாரிடம் வந்து அழுதார். கணவர் குடிப்பவர் அல்லர், அடிப்பவரும் அல்லர். கைப்பேசியில் கண்ட ஆபாசக் காட்சிகளைத் தம் மனைவியிடம் எதிர்பார்த்தார். அவர் மறுத்தபோது, வானவர்கள் சபிப்பார்கள் என்ற ஹதீஸைக் கூறி அச்சுறுத்தினார். அந்த இளைஞருக்கு அந்த ஒரு ஹதீஸ் தெரிந்திருந்தது. உங்களில் சிறந்தவர் தம் மனைவியிடம் சிறந்தவரே என்ற ஹதீஸ் தெரியவில்லை. மனைவியர் அல்லாஹ்வின் அமானிதம் என்று நபியவர்கள் இறுதி ஹஜ்ஜில் எச்சரித்தது தெரியவில்லை. அன்பான சொல்லோடு மனைவியை நெருங்க வேண்டும், அவளுடைய நிறைவுக்காகவும் காத்திருக்க வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியிருப்பதும் தெரியவில்லை.

அந்த நிகாஹை ஓதி வைத்தவன் நான்தான். குத்பாவில் தக்வாவைப் பற்றிய வசனங்களை அரபியில் ஓதினேன். அவற்றின் பொருளை அவருக்கு ஒரு சொல்லாலும் உணர்த்தவில்லை. நாம் கற்பிக்காமல் விட்டதைக் கைப்பேசி கற்பித்துவிட்டது.

நாட்டின் சட்டமும் மாறிவருகிறது. பிறர் மனைவியுடன் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-ல் செல்லாது என அறிவித்தது. மனைவி கணவனின் உடைமை அல்லள் என்பதும் அத்தீர்ப்பில் கூறப்பட்டது. சட்டம் விலகினாலும் பாவம் பாவமே. அங்கே காவல் நிற்பது தக்வா மட்டுமே. அதை ஊட்டுவது நம் பொறுப்பு.

ஆகவே நிர்வாகத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நிகாஹ் பதிவேட்டில் கையொப்பமிடுவதற்கு முன் மணமகன் என்னுடன் ஓர் அமர்வு அமரட்டும். மணமகள் மார்க்கம் கற்ற பெண்களுடன் அமரட்டும். இரண்டாவது, மணமகளின் சம்மதம் கேட்பது சடங்காக முடிந்துவிடக் கூடாது. தம் விருப்பமின்றி மணமுடிக்கப்பட்ட கன்ஸா (ரலி) அவர்களின் திருமணத்தை நபியவர்கள் ரத்துச் செய்தார்கள் என்பதை வகீலும் சாட்சிகளும் நினைவில் கொள்ளட்டும். மூன்றாவது, கைக்கூலிக்காக நிகாஹைத் தள்ளிப்போடும் வீட்டாரை நிர்வாகம் அழைத்துப் பேசட்டும். ஹலாலின் வாசலை அடைத்துவிட்டு ஹராமைக் கண்டிப்பதில் பயனில்லை.

பெற்றோர்களே! உங்கள் மகனுக்குக் குளிப்பின் சட்டத்தைக் கற்பிக்கும் வயதிலேயே பார்வையைத் தாழ்த்தும் ஒழுக்கத்தையும் கற்பியுங்கள். அவன் உங்களிடம் கேட்க அஞ்சினால் வேறெங்கோ கேட்பான்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் அமைதியையும் அன்பையும் கருணையையும் நிலைக்கச் செய்வானாக! நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.